பஃபலோவின் பழியா? மலாயா தன் வானை இழந்தது குறித்த நீண்ட விவாதம்

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் இடையே, ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த சிற்றூர் லகாட். 1941 டிசம்பர் நடுவில், அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஈப்போ விமானத் திடலில் ஆஸ்திரேலிய விமானப்படையின் 453ஆவது அணி வந்திறங்கியது. அதன் கையில் இருந்தவை அமெரிக்காவில் செய்த பஃபலோ சண்டை விமானங்கள். வடக்கே பட்டர்வொர்த்திலிருந்து பின்வாங்கி வந்த அணி ஈப்போவிலும் நிலைக்கவில்லை. குண்டுவீச்சுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒரு வாரம் போல இருந்துவிட்டு, டிசம்பர் 19 வாக்கில் கோலாலம்பூருக்குப் போனது. அங்கு 22ஆம் தேதி நடந்த வான்சண்டையில் பலத்த அடிபட்டு சிங்கப்பூருக்கு ஒதுங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ ஜப்பானியர் வசமானது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது.

எழுபதே நாளில் ஒரு தீபகற்பம் முழுவதும் கைமாறியது எப்படி என்ற கேள்விக்குப் பல பக்கங்கள் உண்டு. அவற்றுள் ஓயாமல் விவாதிக்கப்படுவது வானைப் பற்றியது. தரைப்படை தோற்பதற்கு முன்பே வான் கைவிட்டுப் போய்விட்டது என்பதில் எழுத்தாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஏன் போனது என்பதில்தான் வேறுபாடு. சண்டை விமானம் மட்டமானதா, போதாததா, நிறுத்திய இடம் தவறா, ஓட்டியவர்கள் பழகாதவர்களா? இந்த விடைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடைகள் வந்த வழி

மலாயா வீழ்ச்சியை ஆராயத் தனி விசாரணை ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை. அதனால் முதல் விடைகளைச் சொன்னவர்கள் பெரும்பாலும் தோல்வியில் பங்குள்ளவர்களே. தூரகிழக்குத் தலைமைத் தளபதியாக இருந்த புரூக்-பாப்பம், தரைப்படைத் தளபதி பெர்சிவல், விமானப்படை சார்பில் மால்ட்பி ஆகியோரின் அறிக்கைகள் 1948இல் லண்டன் அரசிதழில் வெளிவந்தன. அடுத்து, கிர்பி தலைமையில் எழுதப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரபூர்வப் போர் வரலாற்றின் முதல் தொகுதி 1957இலும், கில்லிசனின் ஆஸ்திரேலிய விமானப்படை வரலாறு 1962இலும் வந்தன. 1990களில் ஷோர்ஸ், கல், இசாவா ஆகிய மூவர், இரு தரப்புப் பதிவுகளையும் நாள்வாரியாக எதிரெதிரே வைத்து எழுதினர். இந்த வரிசையை நினைவில் வைப்பது அவசியம். காலத்தால் முந்திய விடைகளில் தற்காப்பின் வாடை கொஞ்சம் அதிகம். பிந்திய விடைகளில் விமானங்களைப் பற்றிய நுட்பம் கூடுகிறது, அரசியல் குறைகிறது.

முதல் விடை: இயந்திரம்

மக்கள் நினைவில் அழுத்தமாகப் பதிந்த விடை, பஃபலோ ஓர் உதவாக்கரை விமானம் என்பது. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கடற்படைக்கென வடிவமைத்த விமானத்தில் பிரிட்டிஷ் தேவைக்காகக் கவசமும் பிற கருவிகளும் சேர்த்ததால் எடை கூடியது. ஆனால் அதற்கேற்ற எஞ்சின் வலு கூடவில்லை. வெப்ப மண்டலத்தில் எஞ்சின் தொல்லை கொடுத்தது. உயரே போகப் போக எரிபொருள் அழுத்தம் குறைந்தது. மேலேறுவதில் ஆமை வேகம். எடையைக் குறைக்கச் சில அணிகள் கனத்த துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு இலேசானவற்றைப் பொருத்திக்கொண்டன. எதிரே வந்த கி-43 ஹயபுசாவோ இலேசானது, சட்டென்று திரும்பக்கூடியது. வல்லூறு என்ற பொருள் கொண்ட அதன் பெயர் பொருத்தமாகவே இருந்தது. கடற்படையின் ஜீரோவும் இந்தக் களத்தில் பறந்தது. நேசநாட்டு விமானிகள் பலர் ஹயபுசாவைப் பார்த்துவிட்டு ஜீரோ என்றே அறிக்கை எழுதினர். 1942 ஜூனில் மிட்வே தீவில் ஏறத்தாழ இருபது பஃபலோக்கள் மேலேறியதில் 13 ஒரே காலையில் வீழ்ந்தது இந்தத் தரப்புக்கு இன்னொரு சான்று.

இந்த விடை தடுமாறும் இடங்கள் இரண்டு. முதலாவது பின்லாந்து. அந்நாடு வாங்கிய 44 பஃபலோக்கள் 1941 முதல் சோவியத் விமானங்களுக்கு எதிராகப் பெற்ற வெற்றி, விமான வரலாற்றில் பெயர் பெற்றது. அவை எடை குறைந்த முந்திய வகை. குளிர்நாட்டுக் காற்றில், பெரும்பாலும் குறைந்த உயரத்தில், பழகிய கைகளால் ஓட்டப்பட்டவை. ஆகவே ஒப்பீடு நேருக்கு நேர் பொருந்தாது. ஆயினும், விமானத்தின் குணம் அது பறக்கும் சூழலிலிருந்து பிரிக்க முடியாதது என்பதை அது காட்டுகிறது. இரண்டாவது, ஜப்பானியர் பக்கம். அவர்களின் தரைப்படை விமானப் பிரிவுகளில் ஹயபுசா வைத்திருந்தவை 59ஆவது, 64ஆவது பிரிவுகள் மட்டுமே. எண்ணிக்கையில் கூடுதலாக இருந்தது கி-27. அது சக்கரங்களை உள்ளிழுத்துக்கொள்ள முடியாத, முந்திய தலைமுறை விமானம். வானைப் பிடித்தது முழுக்க முழுக்க நவீன விமானக் கூட்டம் என்ற படிமம் சற்று மிகையானதே.

இரண்டாம் விடை: எண்ணிக்கை

அடுத்த விடை லண்டனைச் சுட்டுகிறது. மலாயாவைக் காக்க 582 விமானங்கள் வேண்டும் என்று 1940 அக்டோபரில் சிங்கப்பூரில் கூடிய தளபதிகள் கணக்கிட்டனர். 1941 முடிவுக்குள் 336 தருவது என்பது லண்டனின் இலக்கு. போர் தொடங்கிய நாளில் முன்னணியில் இருந்தவை 158. அவற்றில் பஃபலோக்கள் 60. எதிர்ப்பக்கத்தில், இந்தோசீனத்தில் இருந்த தரைப்படை, கடற்படை விமானங்களைச் சேர்த்தால் ஐந்நூறைத் தாண்டும்.

பிரிட்டன் பிழைத்தாக வேண்டும், மத்தியதரைக் கடல் கைவிட்டுப் போகக்கூடாது, ரஷ்யா விழக்கூடாது என்ற வரிசையில் சர்ச்சில் அரசு முன்னுரிமைகளை அடுக்கியது. 1941 அக்டோபரில் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி பிரிட்டன் ரஷ்யாவுக்கு மாதம் 200 விமானங்கள் தர ஒப்புக்கொண்டது. அவற்றில் ஒரு மாதப் பங்கு சிங்கப்பூருக்கு வந்திருந்தால் என்ற கேள்வி, ஆஸ்திரேலிய எழுத்துகளில் கசப்போடு திரும்பத் திரும்ப எழுகிறது.

இந்த விடைக்கு ஒரு சோதனை போர் நடக்கும்போதே கிடைத்தது. 1942 ஜனவரியில் 51 ஹரிக்கேன்கள் பெட்டிகளில் சிங்கப்பூர் வந்தன. ஜனவரி 20இல் முதல்முறை சண்டையிட்டபோது துணையின்றி வந்த குண்டுவீச்சு விமானங்களைப் பதம் பார்த்தன. மறுநாளே காவல் விமானங்களோடு வந்த ஜப்பானியரிடம் இழப்பைச் சந்தித்தன. அடுத்து விமானந்தாங்கிக் கப்பல் வழியாக வந்த ஹரிக்கேன்களாலும் நிலைமை மாறவில்லை. ஜனவரி 26இல் எண்டாவ் கரையில் இறங்கிய ஜப்பானியரைத் தாக்கச் சென்ற வில்டபீஸ்ட் இரட்டைத்தட்டு விமானங்கள் பல திரும்பவேயில்லை. எண்ணிக்கை தரப்பினர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: வந்தது காலம் கடந்து, சிறுகச் சிறுக. நியாயமான பதில்தான். ஆனால் அப்படிச் சொல்லும்போது வாதம் எண்ணிக்கையை விட்டு நேரத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

மூன்றாம் விடை: தரை

தரையிலேயே போர் முடிந்துவிட்டது என்பது மூன்றாம் தரப்பு. இதன் வேர் 1920களில் இருக்கிறது. சிங்கப்பூரைப் பீரங்கிகள் காப்பதா, கடலில் கப்பல்களைத் தாக்கும் விமானங்கள் காப்பதா என்ற சர்ச்சை அப்போதே லண்டனில் எழுந்தது. இறுதியில், வரும் எதிரியை நடுக்கடலிலேயே விமானங்கள் அடிக்கும் என்ற திட்டம் மேலோங்கியது. அதற்கு வசதியாகக் கோத்தா பாரு, அலோர் ஸ்டார் போன்ற எல்லைப் பகுதிகளில் திடல்கள் கட்டப்பட்டன. அவற்றைத் தரைப்படை காக்க முடியுமா என்று கலந்து பேசாமலே இடங்கள் தேர்வாயின என்பது தரைப்படைத் தரப்பின் நீண்ட நாள் குற்றச்சாட்டு. விமானங்கள் வந்து சேராத நிலையில், வெறும் ஓடுதளங்களைக் காக்க இந்தியப் படைப்பிரிவுகள் சிதறி நிற்க வேண்டியதாயிற்று. ஹைதராபாத், பஹவல்பூர் சமஸ்தானப் படைகளும் திடல் காவலில் நின்றன.

டிசம்பர் 8ஆம் தேதி நிகழ்ந்தவை இந்த விடைக்கு வலுவான சான்று. காலையில் வட மலாயாவில் பறக்கும் நிலையில் இருந்த 110 விமானங்களில் மாலைக்குள் எஞ்சியவை 50. பல விமானங்கள் வானில் சண்டையிட்டு விழவில்லை. இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தபோது தரையிலேயே எரிந்தன. வடக்கே ரேடார் இல்லை. அது சிங்கப்பூரிலும் ஜொகூரிலுமே வேலை செய்தது. கண்ணால் பார்த்துத் தொலைபேசியில் சொல்லும் ஏற்பாடுதான் வடக்குத் திடல்களுக்குத் துணை. விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் போதவில்லை. குண்டு விழுந்ததும் திடல்களில் வேலை செய்த கூலிகள் கலைந்து ஓடியதை அறிக்கைகள் குறையாகச் சொல்கின்றன. அவர்களுக்குப் பதுங்குகுழிகள் எத்தனை இருந்தன என்ற கேள்வியை அவை அந்த அழுத்தத்தோடு எழுப்புவதில்லை. விட்டுச் சென்ற திடல்கள் பெட்ரோலோடும் குண்டுகளோடும் ஜப்பானியருக்குக் கிடைத்தன. அவர்கள் அவற்றுக்குச் சர்ச்சில் பெயரைச் சூட்டிக் கேலி பேசினர்.

இந்த இடத்தில் முதல் விடையும் மூன்றாம் விடையும் ஒன்றோடொன்று பிணைகின்றன. மெதுவாக மேலேறும் விமானத்துக்கு முன்னெச்சரிக்கை நேரம் கூடுதலாக வேண்டும். ஈப்போவில் அந்த நேரம் இல்லை. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகு கிளம்பும் பஃபலோ, மேலேறும் வழியிலேயே இரையாகும். அதே விமானத்துக்கு நல்ல எச்சரிக்கை இருந்திருந்தால் அதன் குறை பாதியாகக் குறைந்திருக்கலாம். நல்ல விமானத்துக்கும் எச்சரிக்கை இல்லையென்றால் கதி ஏறத்தாழ அதுவே.

டிசம்பர் 10இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 840 பேரோடு மூழ்கியதும் இதற்கு இன்னொரு முகம். கப்பற்படைக்கென ஒதுக்கிய 453ஆவது அணி செம்பவாங்கில் காத்திருந்தது. வானொலி மௌனம் காத்த தளபதி அதை அழைக்கவில்லை. தாக்குதல் பற்றிய செய்தி பின்னர் வேறு வழியில் வந்து விமானங்கள் சென்று சேர்ந்தபோது கப்பல்கள் இல்லை. சைகோன் பக்கமிருந்து வந்த குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவல் விமானங்கள் இல்லை. அன்று, மட்டமான பஃபலோகூட அவற்றின் குறியைக் கலைத்திருக்கக்கூடும்.

நான்காம் விடை: மனிதரும் மதிப்பீடும்

விமானிகளில் கணிசமானோர் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்கள். எதிர்ப்பக்கத்தார் 1937 முதல் சீனாவிலும், 1939இல் மங்கோலிய எல்லையிலும் போரிட்டுத் தேர்ந்தவர்கள். 64ஆவது பிரிவின் தலைவர் காத்தோ தத்தேயோ ஜப்பானில் பின்னாளில் திரைப்பட நாயகனாகவே ஆக்கப்பட்டவர். இதைவிட ஆழமான குற்றச்சாட்டு மனப்பான்மை பற்றியது. ஜப்பானியருக்கு நல்ல விமானம் செய்யவும் தெரியாது, ஓட்டவும் வராது என்ற இனச்செருக்கு சிங்கப்பூரின் அதிகார வட்டத்தில் இருந்தது. சீனாவிலிருந்து வந்த எச்சரிக்கைகள் அணிகளுக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த விடையில் உண்மை இருக்கிறது. எல்லாவற்றையும் இதில் ஏற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது. பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்களைக் குறை சொல்லும்போது, பட்டர்வொர்த்திலிருந்து தன்னந்தனியாகப் பறந்து சயாமின் சிங்கோராவைத் தாக்கிவிட்டு, உயிர் போகும் காயத்தோடு அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கிய ஆர்தர் ஸ்கார்ஃபை எந்தக் கணக்கில் சேர்ப்பது? துணிவுக்குக் குறைவில்லை. துணிவைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடுதான் குறைவு.

இதன் கிளையாக, துரோகக் கதை ஒன்றும் உலவுகிறது. அலோர் ஸ்டாரில் விமானத் தொடர்பு அதிகாரியாக இருந்த கேப்டன் பாட்ரிக் ஹீனன் எதிரிக்குத் தகவல் தந்தார் என்று கைதானார். அவரைப் பற்றிய நூல் 1993இல் வந்தபின் அக்கதை பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் ஜப்பானியரிடம் உளவு விமானங்களும் நல்ல வரைபடங்களும் இருந்தன. ஹீனன் கைதான பின்னும் தாக்குதல்களின் கூர்மை மழுங்கவில்லை. ஒரு மனிதரின் துரோகத்தால் ஒரு வான் விழுந்தது என்பது சுவையான விடை. போதுமான விடை என்று சொல்ல இயலாது.

ஐந்தாம் பார்வை: கீழே நின்றவர்கள்

மேற்கண்ட விடைகள் எல்லாம் விமானி அறையிலிருந்தோ தலைமையகத்திலிருந்தோ பார்த்தவை. தரையில் நின்று பார்த்தவர்களின் கணக்கு வேறு. டிசம்பர் 11இல் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் மேல் வந்தபோது, ஆபத்து தெரியாமல் மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தனர். பெருந்திரளானோர் மாண்டனர். சில நாளில் வெள்ளையர் இரவோடிரவாக வெளியேறினர். ஆனால் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி பறந்துகொண்டே இருந்தது. ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர், யாழ்ப்பாண வழிவந்த மாணிக்கசோதி சரவணமுத்து, மக்கள் சேவைக் குழுவுக்குத் தலைமையேற்றார். கோட்டைக் கொடிக்கம்பத்திலிருந்து அந்தக் கொடியை இறக்கி, நகரைக் காப்பார் யாருமில்லை என்பதை வானில் வருபவனுக்கு உணர்த்தினார். சண்டை விமானம் செய்ய வேண்டிய காவலை ஒரு பத்திரிகையாசிரியர் கொடிக்கயிற்றைக் கொண்டு செய்ய நேர்ந்தது.

பேராக்கில் இதற்கு இணையான தரைச்சான்று கம்பார். டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை அங்கே பிரிட்டிஷ்-இந்தியப் படை நான்கு நாள் உறுதியாக நின்றது. ஆனால் மேற்குக் கடற்கரை வழியாகப் படகுகளில் வந்த ஜப்பானியர், இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் அன்சன் பக்கம் இறங்கிப் பின்புறத்தை மிரட்டினர். படை பின்வாங்கியது. கரையோர வானும் கடலும் கையில் இருந்திருந்தால் அந்தப் படகுகள் அவ்வளவு எளிதாக வந்திருக்காது.

வெள்ளைத்துரையின் மதிப்பு தோட்டப்புறத்தில் சரிந்தது வானிலிருந்து தொடங்கியது என்றும், 1943இல் தோட்டத் தமிழர் திரளாக இந்தியத் தேசிய ராணுவத்தில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் வாதிடுவோர் உண்டு. இது விளைவைப் பற்றிய நல்ல விளக்கம். காரணத்தைப் பற்றி இதிலிருந்து அதிகம் பெற முடியாது. மேலும், ஜப்பான்காரன் காலத்துப் பசியும் சயாம் மரண ரயிலும் இடையில் வந்து அந்த நினைவுகளை வேறு நிறத்தில் மாற்றிவிட்டன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எதிர்ச்சோதனை: அவசரகாலம்

சண்டை விமானம் போதாமையே தோல்விக்குக் காரணம் என்றால், அது தாராளமாக இருக்கும்போது என்ன ஆகிறது? 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைகள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளிடம் விமானம் ஒன்றுகூட இல்லை. வான் முழுவதும் அரசின் கையில். ஸ்பிட்பயர், ஹார்னெட், பின்னர் ஜெட் விமானங்களான வாம்பயர், வெனம் என எல்லாம் பறந்தன. லிங்கன் விமானங்கள் காட்டின் மேல் குண்டு பொழிந்தன.

ஆயினும் பன்னிரண்டு ஆண்டுக்காலப் போரில் குண்டுவீச்சின் பலன் குறைவு என்பதே பரவலான மதிப்பீடு. இலைக்கூரைக்கு அடியில் இருப்பவனை மேலிருந்து காண முடியாது. காட்டுக் கோட்டைகளுக்கு உணவு போட்ட சரக்கு விமானங்களும், காயம்பட்டவரைத் தூக்கி வந்த ஹெலிகாப்டர்களும், துண்டறிக்கைகளும், ஒலிபெருக்கி பொருத்திய விமானங்களுமே அதிகம் உதவின. இந்த ஒப்பீட்டையும் எல்லைக்குள் வைக்க வேண்டும். எதிரிக்கு விமானம் இருந்திருந்தால் அந்தச் சரக்கு விமானங்கள் அவ்வளவு நிம்மதியாகப் பறந்திருக்காது. சண்டை விமானத்தின் பெரும்பயன் தான் செய்வதைவிடப் பிறர் செய்ய விடுவதில் இருக்கிறது என்ற கருத்துக்கு 1941உம் 1948உம் இரு பக்கமிருந்தும் சான்று தருகின்றன.

பட்டர்வொர்த் சொல்வது

1941இல் கைவிடப்பட்ட பட்டர்வொர்த்திலேயே பின்னாளில் வேறொரு விடை உருவெடுத்தது. 1971இல் ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாடு பிறந்தபோது, அதன் ஒருங்கிணைந்த வான் தற்காப்பு அமைப்பின் தலைமையகம் அங்கே அமைந்தது. ரேடார், செய்தித்தொடர்பு, தலைமை, விமானம் ஆகியவற்றை ஒரே வலையாகப் பார்க்கும் ஏற்பாடு அது. பழைய தோல்வியிலிருந்து பெற்ற பாடம் என்று அதைக் கொள்ள இடமுண்டு. பனிப்போர்க் காலத்துத் தேவைகளும் அதில் கலந்திருந்தன.

1958இல் பிறந்த மலேசிய ஆகாயப்படையும் இதே கேள்வியை வேறு வடிவில் சந்திக்கிறது. ஆஸ்திரேலியா தந்த சேபர்களில் தொடங்கி, எஃப்-5, மிக்-29, ஹார்னெட், சுகோய்-30 எனப் பல நாட்டு விமானங்கள் வந்தன. 2018இல் 18 சுகோய்களில் 4 மட்டுமே பறக்கும் நிலையில் உள்ளன என்று தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அவை மட்டமான விமானங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பராமரிப்பும் உதிரிப்பாகமும்தான் சிக்கல். 2021 மே 31இல் சீனாவின் 16 சரக்கு விமானங்கள் சரவாக்கை நெருங்கியபோது நிலைமை மாறாக இருந்தது. ரேடார் முன்கூட்டியே கண்டுகொண்டது. லாபுவானிலிருந்து சென்ற ஹாக் விமானங்கள் நேரில் பார்த்து அடையாளம் கண்டன. ஹாக் முதல் தர சண்டை விமானம் அன்று. உரிய நேரத்தில் உரிய இடத்தில் இருந்ததே அதன் பலம்.

மதிப்பீடு

ஐந்து விடைகளில் எதையும் முற்றாகத் தள்ள முடியாது. எதையும் தனியாக நிறுத்தவும் முடியாது. இன்றுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், இயந்திரத்தை மட்டும் குற்றவாளியாக்கும் விடையே மிகப் பலவீனமானதாகத் தெரிகிறது. எண்ணிக்கையும் தரை ஏற்பாடும் சேர்ந்த விளக்கம் கூடுதல் வலுவுடையது. சண்டை விமானம் ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. ரேடார், ஓடுதளம், மெக்கானிக், பயிற்சி, உளவு, அரசியல் முன்னுரிமை என்ற முந்திய கண்ணிகள் அறுந்திருக்கும்போது கடைசிக் கண்ணியின் குறை மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பஃபலோ பழி சுமந்தது ஓரளவுக்கு அதனால்தான்.

தீராத கேள்விகளும் உண்டு. லண்டன் இலக்கு வைத்த 336 விமானங்களும் வந்திருந்தால், எச்சரிக்கை ஏற்பாடு இல்லாத வடக்குத் திடல்களில் அவையும் தரையிலேயே எரிந்திருக்குமா? விமானிகள் வீழ்த்தியதாகச் சொன்ன எண்ணிக்கைக்கும் ஜப்பானியரின் இழப்புப் பதிவுகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை எப்படிப் படிப்பது? சயாமுக்குள் முன்கூட்டியே நுழையும் பிரிட்டிஷ் திட்டம் நிறைவேறியிருந்தால் ஜப்பானியருக்குச் சிங்கோரா திடல் கிடைக்காமல் போயிருக்குமா? இவற்றுக்கு விடை தேடுவோர், விமான அணிகளின் நாட்குறிப்புகளோடு திடல்களைக் கட்டியவர்கள், காத்தவர்கள், கலைந்து ஓடியவர்கள் ஆகியோரின் வாய்மொழியையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். கிந்தா பள்ளத்தாக்கின் வான் பறிபோன நாட்களை அண்ணாந்து பார்த்தவர்களில் பெரும்பாலோர் விமானிகளல்லர்.